வெந்நீருக்கு வெயிலே போதும்

வீட்டு நீச்சல்குளத்தைச் சூரியசக்தியால் வெதுவெதுப்பாக்க எண்ணும் வாடிக்கையாளர்கள், கடன் விண்ணப்பத்திற்கு முன் திருமலையை நினைவுகூர்வது நன்று. 2002-இல் திருப்பதி தேவஸ்தானம் அன்னதானச் சமையலுக்காக அங்கே 106 குழியாடிகளை நிறுவியது. நாள்தோறும் ஏறத்தாழ 15,000 பேருக்குச் சமைக்கத் திட்டமிடப்பட்ட அந்த அமைப்பில், வெயில் மின்சாரமாக மாறாமல் நேரே நீரை ஆவியாக்கியது.

குளத்திற்கு அத்தனை வெப்பம் வேண்டியதில்லை. கூரையில் பரப்பிய கருநிறக் குழாய்களின் வழியே குளத்து நீரைப் பம்பினால் சுற்றிவரச் செய்தால் போதும். மின்தகடுகளோ வெயிலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக்குகின்றன.

அதற்கும் முன்பாக, இரவில் குளத்தை விரிப்பால் மூடுங்கள். வெப்பத்தின் பெரும்பகுதி நீர் ஆவியாவதால்தான் வெளியேறுகிறது. மூடாத குளத்தில் சேர்த்த வெப்பம் இரவோடு கரைந்துவிடும். நாம் செலுத்த வேண்டிய மாதத் தவணை கரையாது.