அருவருப்பை வென்ற அணைப்பு

1986-ஆம் ஆண்டு கனடிய இயக்குநர் டேவிட் குரோனென்பெர்க் உருவாக்கிய ‘தி ஃப்ளை’ கொடூரமான திரைப்படம். கனிவான காதல் கதையும்கூட. பொருளை ஓரிடத்தில் சிதைத்து மற்றோரிடத்தில் மீட்டெடுக்கும் பொறியைக் கண்டுபிடிக்கிறான் அறிவியலாளன் சேத் பிரண்டில். அதனுள் அவன் தானே புகும்போது, உடன் நுழைந்த ஈயொன்றின் மரபணுக்கள் அவனுடையவற்றோடு கலந்துவிடுகின்றன. நகம் கழன்று, தோல் புண்ணாகிக் கிடப்பவன், காதலி வெரோனிகாவின் கண்ணெதிரே உணவின்மீது செரிமான நீரைக் கக்குகிறான். அடுத்து அவன் காது உதிர்கிறது. அவளோ அவனைத் தழுவிக்கொள்கிறாள்.

கக்கும் செயல் ஈயிடமிருந்து நேரே பெற்றது. வீட்டு ஈக்குக் கடித்து மெல்லும் உறுப்பு இல்லை. அதன் வாய்நுனி பஞ்சைப் போன்றது. சருக்கரைத் துணுக்கு கிடைத்தால் உமிழ்நீரையும் இரைப்பையில் உள்ள நீர்மத்தையும் அதன்மீது உமிழ்ந்து, கரைத்து, பின் உறிஞ்சும். மனிதனின் கையையும் காலையும் உருக்கும் ஆற்றல் அந்நீருக்கு இல்லை. படத்தில் அவ்வாறு காட்டுவது திரையின் மிகை. இறுதியில் பிரண்டிலின் தசை பிளந்து புதியதோர் உடல் வெளிப்படுவதற்கும் இயற்கையில் ஒரு வேர் உண்டு. கூட்டுப்புழுப் பருவத்தில் புழுவின் திசுக்களில் பெரும்பகுதி கரைகிறது. கருநிலையிலேயே ஒதுக்கிவைக்கப்பட்ட சிறு உயிரணுத் தொகுதிகள் சிறகாகவும் காலாகவும் கண்ணாகவும் வளர்கின்றன. மனித உடலில் அத்தகைய தொகுதிகள் இல்லை. ஆகவே, மரபணு கலந்தாலும் வளர்ந்த மனிதன் ஈயாக மாற இயலாது.

எனினும், இப்படத்தின் ஆழ்ந்த அறிவியல் ஈயிடத்தில் இல்லை, பார்ப்பவரிடத்தில் இருக்கிறது. சீழ், வாந்தி, அழுகிய தசை ஆகியவற்றைக் கண்டதும் மூக்குச் சுருங்கி, மேலுதடு உயர்ந்து, குமட்டல் எழுகிறது. இம்முகக்குறிகளை டார்வின் 1872-இல் வெளியிட்ட நூலிலேயே ஆராய்ந்தார். நோய்க்கிருமி உறையும் இடங்களை விட்டு நம்மை விலக்கும் காவலே அருவருப்பு என்று இன்றைய படிவளர்ச்சி ஆய்வாளர் பலர் விளக்குகின்றனர். கிறிஸ் வாலஸ், ஸ்டீஃபன் டுபுயி இருவருக்கும் ஆஸ்கர் விருது ஈட்டித்தந்த ஒப்பனை, அக்காவலைப் படிப்படியாகத் தட்டி எழுப்புகிறது.

அக்காவலை உறவு தளர்த்தும் என்பதுதான் வியப்பு. 2006-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், தாய்மார் தம் குழந்தையின் மலம்பட்ட அணையாடையின் நாற்றத்தைப் பிறர் குழந்தையுடையதைவிடக் குறைந்த அருவருப்புடையதாகவே மதிப்பிட்டனர். எது யாருடையது என்று சொல்லாதபோதும் அவ்வாறே மதிப்பிட்டனர். பேணுவதற்கு நெருங்கியாக வேண்டும். நெருங்குவதற்கு அருவருப்பு தணிந்தாக வேண்டும். நோயுற்றோரின் புண்ணைக் கழுவும் ஒவ்வொரு கையிலும் இந்தத் தணிவு உண்டு. வெரோனிகாவின் தழுவலை நான் நம்புவது இதனால்தான். அதை நாடகத்தனம் என்று ஒதுக்குவோர், நெடுநாள் நோயாளியைப் பேணும் வீடுகளை எண்ணிப் பார்க்கட்டும்.

இந்தத் தணிவுக்கும் எல்லை உண்டு என்பதையும் படம் மறைக்கவில்லை. தான் கருவுற்றதை உணர்ந்த வெரோனிகா, பெரும்புழு ஒன்றை ஈன்றெடுப்பதாகக் கனவு காண்கிறாள். கருவைக் கலைக்க விரைகிறாள். காதலனின் உடலில் அவள் பொறுத்துக்கொண்டதைத் தன் உடலுக்குள் பொறுக்க அவளால் இயலவில்லை. ஆயினும் அவன்மீது கொண்ட அன்பு அப்போதும் அவளைவிட்டு நீங்கவில்லை.