மழைநீரே வெந்நீர்

மகாராட்டிரத்தின் இரத்தினகிரி மாவட்டத்தில், மும்பை–கோவா நெடுஞ்சாலையை ஒட்டிச் சில வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. ஆடி மழையில் அப்பாவின் லாரியில் அவ்வழியே சென்றேன். சங்கமேசுவரம் அருகே துரள் என்னும் ஊரில் ஊற்றைக் கண்டதும், “அடியில எரிமலையாடா?” என்றார். பள்ளி காணாத அவர் என் படிப்பை நம்பிக் கேட்ட முதல் கேள்வி!

அங்குள்ள கறுத்த பசால்ட் பாறை, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கிய எரிமலைக் குழம்புதான். அந்தச் சூடு என்றோ ஆறிவிட்டது. இன்று மழைநீரே பாறைப் பிளவுகளில் ஆழ இறங்குகிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்திற்கும் வெப்பம் பொதுவாக 25 முதல் 30 டிகிரி உயரும். சூடேறிய நீர் அடர்த்தி குறைந்து, வேறொரு பிளவு வழியே மேலெழுகிறது.

“அப்போ இந்த மழையும் வெந்நீராகுமா?”

“கொஞ்சம் ஆகும்பா, ரொம்ப வருசம் கழிச்சு. மிச்சமெல்லாம் அரபிக்கடலுக்குத்தான்” என்றேன்.