5 லக்ஸ் வெளிச்சத்தில் எலியின் இரவு

தமிழ்நாட்டின் போளூர் ஏறத்தாழ 12.5 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஜூனில் வரும் நெடும்பகல் சுமார் 12 மணி 50 நிமிடம். டிசம்பர் குறும்பகல் சுமார் 11 மணி 23 நிமிடம். இடைவெளி ஒன்றரை மணிக்கும் குறைவு. லண்டனில் இதே இடைவெளி 8 மணி 45 நிமிடத்தைத் தாண்டும். நெல்வயல் வரப்பில், வாயில் பொடிமண் குவிந்த வளைக்குள் கிடக்கும் சுண்டெலிக்கு, பகலின் நீளத்தைவிட அன்றாட அந்தியும் விடியலும்தான் நம்பகமான குறி.

அந்தக் குறி ஏன் தேவை? முழு இருட்டில் வைத்த வீட்டுச் சுண்டெலியின் உடற்கடிகாரம் ஏறத்தாழ 23.5 மணிக்கு ஒருமுறை சுற்றுகிறது. நாளுக்கு 30 நிமிடம் முந்தினால் 48 நாளில் ஒரு முழு நாள் முந்திவிடும். மாறாக, விடாத வெளிச்சத்தில் வைத்தால் சுற்று 24 மணியைத் தாண்டி நீளும். இரவில் நடமாடும் விலங்குகளுக்கு வெளிச்சம் கூடக்கூடச் சுற்றும் நீளும் என்பதை ஜெர்மனியின் யூர்கன் ஆஷாஃப் 1960-இல் விதியாகவே வகுத்தார்.

இப்படி விலகும் கடிகாரத்தை அன்றாடம் சரிசெய்ய எவ்வளவு வெளிச்சம் போதும் என்பதற்கு நம் ஊர்க் கணக்கே உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன், விஜய் குமார் சர்மா ஆகியோர் 1990-களில் மஸ் பூடுகா என்னும் வயல் சுண்டெலியை இருட்டில் வைத்து, 1,000 லக்ஸ் ஒளியை 15 நிமிடம் மட்டும் காட்டினார்கள். 15 நிமிடம் என்பது ஒரு நாளில் 1 சதவீதம். 1,000 லக்ஸ் என்பது உச்சி வெயிலான 1,00,000 லக்ஸில் 1 சதவீதம். அவ்வளவுக்கே கடிகாரம் நகர்ந்தது. முன்னிரவில் காட்டினால் பிந்தும், பின்னிரவில் காட்டினால் முந்தும், எலியின் உடற்கடிகாரம் பகலெனக் கொள்ளும் நேரத்தில் காட்டினால் பெரிதாக அசையாது. என் பார்வையில், ஒளியின் அளவுக்கு நிகராக அது விழும் நேரத்தையும் எண்ண வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்தக் கடிகாரம் மூளையில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, இருபுறமும் தலா சுமார் 10,000 நரம்பணுக்களாக அமைந்திருக்கிறது. 1972-இல் எலிகளில் அதை அழித்துப் பார்த்தபோது அன்றாட ஒழுங்கு கலைந்தது.

இரவு முழுதும் மங்கலான வெளிச்சம் விழுந்தால் என்ன ஆகும்? முழுநிலவின் ஒளி பொதுவாக 0.3 லக்ஸைத் தாண்டாது. 5 லக்ஸ் அதைப்போல 16 மடங்குக்கு மேல்; தெருவிளக்கின் ஓரத்தில் கிடைக்கக்கூடிய வெளிச்சம்தான். 2010-இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், 16 மணி நேரம் 150 லக்ஸும் மீதி 8 மணி நேரம் 5 லக்ஸும் பெற்ற சுண்டெலிகள் 8 வாரத்தில் சுமார் 12 கிராம் எடை கூடின. 8 மணி நேரமும் இருட்டில் இருந்தவை சுமார் 8 கிராம். தின்ற மொத்தத் தீனியிலும் ஓடியாடியதிலும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் முதல் கூட்டம் தீனியில் சுமார் 55 சதவீதத்தைப் பகலில் தின்றது. இரண்டாவது 36 சதவீதத்தை. அதே 5 லக்ஸில் தீனியை இரவில் மட்டும் வைத்தபோது எடை கூடுதலாக ஏறவில்லை.