நைட்ராக்ஸ்: ஆக்சிஜன் அதிகமா இருந்தா நல்லதுதானே?

கோட்டையூர் மொட்டை மாடியில உக்காந்துக்கிட்டு கடலடியைப் பத்திப் பேசுறான் பாருன்னு சிரிக்காதீங்க. மட்டக்களப்புக்கு டைவிங் போகப்போற ஒரு நேயர் கேட்ட கேள்வி இது: "நைட்ராக்ஸ் சிலிண்டர் மாட்டிக்கிட்டா ஹெர்மிஸ் கப்பல் வரைக்கும் சேஃபா இறங்கலாமா?"

கூடாதுங்க. அந்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை 1942 ஏப்ரல் 9 அன்னைக்கு ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடிச்சது. இப்போ சுமார் 53 மீட்டர் ஆழத்துல கிடக்கு. சிக்கலே அந்த 53தான்.

சாதாரணக் காத்துல ஆக்சிஜன் 21 சதவீதம். நைட்ராக்ஸ்ல பெரும்பாலும் 32 இல்லன்னா 36. நைட்ரஜன் குறையறதால ஒரே ஆழத்துல கூடுதல் நேரம் இருக்கலாம். "சேஃப்"னு சொல்றது இந்த நைட்ரஜன் கணக்கை மட்டும்தான்.

ஆக்சிஜனுக்குத் தனிக் கணக்கு. உடம்புக்கு சதவீதம் முக்கியமில்ல, பகுதி அழுத்தம்தான் முக்கியம். தண்ணிக்கு மேல 1 பார், அப்புறம் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு 1 பார். 53 மீட்டர்ல மொத்தம் 6.3 பார். அதை 0.32ஆல பெருக்கினா 2.02. டைவிங்ல வழக்கமான வரம்பு 1.4! அப்படின்னா 32 சதவீத நைட்ராக்ஸோட எல்லை 33 மீட்டர், 36க்கு 28 மீட்டர்தான். சாதாரணக் காத்து அந்த வரம்பைத் தொடவே 56 மீட்டர் போகணும். அதுக்காக காத்தோட ஹெர்மிஸுக்கு இறங்கிடாதீங்க: அங்க நைட்ரஜன் போதை ஏத்தும், பொழுதுபோக்கு டைவிங்கோட எல்லையே 40 மீட்டர். முறையா டெக்னிக்கல் பயிற்சி எடுத்தவங்க ஹீலியம் கலந்த டிரைமிக்ஸோட போவாங்க.

வரம்பைத் தாண்டினா வலிப்பு வரலாம். தரையில வந்தா பெரும்பாலும் பிழைச்சுக்கலாம். தண்ணிக்குள்ள வந்தா வாயில இருக்கிற ரெகுலேட்டர் நழுவும், அப்புறம் மூழ்கல்தான். காது இரைச்சல், குமட்டல், உதட்டுத் துடிப்புன்னு அறிகுறி வரலாம், வராமலும் போகலாம். லோடு ஏறுறப்ப அலர்ட் அனுப்புற சர்வர் இல்ல இது.

ஜே.பி.எஸ். ஹால்டேன், அதாங்க 1957ல கல்கத்தாவுக்கே குடிவந்த விஞ்ஞானி, இதைத் தன் உடம்புலயே சோதிச்சுப் பார்த்து, வலிப்புல முதுகெலும்பு நொறுங்கினவர். இரண்டாம் உலகப்போர் சமயத்துல பிரிட்டிஷ் கடற்படைக்காக கென்னத் டொனால்ட் செஞ்ச சோதனைகள்ல, ஒரே ஆளுக்கே தாங்கும் அளவு நாளுக்கு நாள் மாறுச்சு. அதனால "நேத்து ஒண்ணும் ஆகலையே"ங்கறது செல்லாது.

நேரக் கணக்கும் உண்டு. அமெரிக்காவோட நோவா அட்டவணைப்படி 1.4ல ஒரு டைவுக்கு 150 நிமிஷம், 1.6ல வெறும் 45. டைவ் கம்ப்யூட்டர் இதைக் கணக்குப் பண்ணும், ஆனா எந்தக் கலவைன்னு நீங்கதான் சரியா செட் பண்ணணும். சிலிண்டரை அனலைசர்ல நீங்களே அளந்து பாருங்க. சதவீதத்தையும் அதிகபட்ச ஆழத்தையும் டேப்ல எழுதி ஒட்டுங்க. கடைக்காரர் சொன்னாருன்னு விட்டுடாதீங்க.

நம்ம நேயருக்கு ஒரு யோசனை: ஹெர்மிஸ் மூழ்கின அதே நாள் மூழ்கின பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல் கல்குடா பக்கம் சுமார் 24 மீட்டர்ல இருக்கு. 32 சதவீதம் போட்டாலும் அங்க 1.09தான் வருது. நைட்ராக்ஸ் கோர்ஸ் முடிச்சுட்டு அங்க இறங்குங்க.