புகை எப்போது வருகிறது?

அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் கருணாபுரத்தை ஒட்டிய கள்ளக்குறிச்சிச் சாலைகளில் கரும்பு டிராக்டர்களுக்குப் பஞ்சமில்லை. முழுச் சுமையோடு மேடேறும்போது கொஞ்சம் கருப்பாகப் புகைந்தால் மெக்கானிக் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அதே வண்டி சும்மா நின்று ஓடும்போது கருப்பாகக் கக்கினால்தான் அவருக்கு வேலை. கருப்பு என்றால் காற்றுக் குறைவு, நீலம் என்றால் ஆயில், வெள்ளை என்றால் தண்ணீர் என்று மனப்பாடமாகச் சொல்பவர்கள் உண்டு. அது பாதிதான் சரி. நிறத்தைவிட, புகை வரும் நேரமே கோளாறைக் காட்டிக்கொடுக்கும்.

கருப்புப் புகை, முழுதாக எரியாத டீசலின் கரி. கரும்புக்காட்டுத் தூசியில் உழைக்கும் வண்டியில் ஏர் கிளீனர்தான் முதல் சந்தேகம், செலவும் குறைவு. அதைச் சுத்தம் செய்தும் தீராவிட்டால் நாசிலைப் பார்க்க வேண்டும். டீசலை மூடுபனியாகத் தூவவேண்டிய நாசில் சொட்டுச் சொட்டாக விடத் தொடங்கியிருக்கும்.

மூன்று சிலிண்டரில் எது என்று அறியப் பழைய டிராக்டர்களில் ஒரு வழி இருக்கிறது. எஞ்சினை ஐடிலில் விட்டு, நாசிலுக்கு வரும் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்துவார்கள். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சின் தள்ளாடும். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, கோளாறு அங்கேதான். காமன் ரெயில் எஞ்சினில் இதைத் தொடவே கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒருமுறை நீலமாக வந்து நின்றுவிட்டால், இரவில் வால்வு கைடு வழியே இறங்கிய ஆயில் அது. நாள் முழுக்க வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கேயும் புகை தள்ளும்.

வெள்ளையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக் குளிரில் விடியற்காலையில் வருவது பெரும்பாலும் எரியாத டீசல் ஆவி. கண்ணைக் கரிக்கும், எஞ்சின் சூடானதும் மறையும். சூடான பிறகும் தொடர்ந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

கடலில் கதை வேறு. புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமியும் சக கடற்படை அதிகாரி தில்னாவும் 2024-25இல் உலகைச் சுற்றிவந்த கடற்படையின் 'தாரிணி' போன்ற பாய்மரப் படகுக்கும், துறைமுகத்துக்குள் போய்வர டீசல் எஞ்சின் வேண்டும். இத்தகைய படகுகள் பலவற்றில் புகைக்குழாயிலேயே கடல்நீரைக் கலந்து, புகையைக் குளிரவைத்துப் பின்பக்கம் வெளியேற்றுவார்கள். ஆகவே முதலில் பார்க்கவேண்டியது அந்தத் தண்ணீரை. அதன் வரத்து குறைந்து வெண்ணிற ஆவி கிளம்பினால், கடல்நீர் வடிகட்டியில் பாசி அடைத்திருக்கும். இல்லையேல் பம்புக்குள் ரப்பர் இம்பெல்லரின் இதழ் முறிந்திருக்கும். புகையும் நீரும் கலக்கும் வளைவில் உப்பும் கரியும் இறுகிவிட்டால், புகை வெளியேற வழியின்றி எஞ்சின் திணறும், கருப்பாகவும் கக்கும். ஸ்டார்ட் ஆகாத எஞ்சினை விடாமல் சுற்றினால் இன்னும் மோசம். தண்ணீரைத் தள்ளப் புகையின் வேகம் இல்லாததால், அது மஃப்ளரில் நிரம்பி சிலிண்டருக்குள்ளேயே திரும்பிவிடும். அதனால் எஞ்சின் மக்கர் செய்தால் கடல்நீர் வால்வை மூடிவைத்துவிட்டுத்தான் மறுபடி முயல்வார்கள். ஸ்டார்ட் ஆன மறுநொடியே அதைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இம்பெல்லர் கருகிவிடும்.