மூச்சிரைப்பின் பின்னால் மறையும் நுரையீரல் ரத்த அழுத்தம்: முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் ஸ்கேன் பரிசோதனைகள்

கொல்கத்தா: தெற்குக் கொல்கத்தாவின் கரியாஹாட் சந்தையில் மாலை நேர நெரிசலைக் கடப்பது எவருக்கும் எளிதன்று. சேலைக் கடைகளையும் நடைபாதை வியாபாரிகளையும் தாண்டி, மேம்பாலத்தின் கீழே சதுரங்கம் ஆடுவோர் கூடும் இடத்தை அடைவதற்குள் சிலருக்கு மூச்சு வாங்குகிறது. வயது, உடல் பருமன், ரத்தசோகை, குளிர்காலக் காற்று மாசு என அதற்குக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. ஆனால், தொடர்ந்து நீடிக்கும் மூச்சிரைப்பு சிலருக்கு நுரையீரல் உயர் ரத்த அழுத்தத்தின் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

கையில் பட்டை கட்டி அளக்கப்படும் வழக்கமான ரத்த அழுத்தம் வேறு, இது வேறு. இதயத்தின் வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்கு ரத்தத்தைக் கொண்டுசெல்லும் தமனியில் அழுத்தம் மிகுவதே இந்நோய். ஆரோக்கியமானவர் ஓய்வில் இருக்கும்போது இத்தமனியின் சராசரி அழுத்தம் சுமார் 14 மி.மீ. பாதரச அளவே இருக்கும். குறைந்த அழுத்தத்திற்கு ஏற்ப அமைந்த வலது கீழறையின் சுவர் மெல்லியது. நுரையீரல் ரத்தக் குழாய்கள் தடித்துக் குறுகும்போது அந்த அறை கூடுதல் விசையுடன் இயங்க நேரிடுகிறது. முதலில் தடித்து, பின்னர் விரிந்து, முடிவில் செயலிழக்கிறது.

தாமதத்தின் விலை

உலக வயதுவந்தோரில் ஏறத்தாழ 1 சதவீதத்தினருக்கு இப்பாதிப்பு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. மூச்சிரைப்பு, சோர்வு, படபடப்பு, மயக்கம், கால் வீக்கம் ஆகிய அறிகுறிகள் வேறு பல நோய்களுக்கும் பொதுவானவை. எனவே நுரையீரல் தமனி சார்ந்த வகை உறுதிசெய்யப்படுவதற்குள் பலருக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிடுகிறது.

இந்தியாவில் இந்தத் தாமதத்திற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. கேரளத்தில் 50 மருத்துவமனைகளைச் சேர்ந்த 2,003 நோயாளிகளைக் கொண்டு உருவாக்கப்பட்ட ‘புரோ-கேரளா’ பதிவேட்டில், 59 சதவீதத்தினருக்கு இதயத்தின் இடப்பக்க நோய்களே காரணமாக இருந்தன. வாதக் காய்ச்சலால் சுருங்கிய மைட்ரல் வால்வு, பிறவியிலேயே இதயச் சுவரில் அமைந்த துளை போன்றவற்றை உரிய காலத்தில் கண்டறிந்தால் சரிசெய்ய இயலும். துளையைப் பல ஆண்டுகள் கவனியாது விட்டால் நுரையீரல் அழுத்தம் உயர்ந்து, ரத்தம் எதிர்த்திசையில் பாயத் தொடங்கும். ‘ஐசன்மெங்கர்’ எனப்படும் அந்நிலையில் துளையை மூடுவதே உயிருக்கு ஆபத்தாகிவிடும். இத்தகைய பெண்களுக்குக் கருவுறுதலும் பேராபத்தானது.

முதல் சோதனை எக்கோ

சந்தேகம் எழுந்தவுடன் செய்யப்படும் முதன்மைப் பரிசோதனை எக்கோ. ஒலி அலைகளைப் பயன்படுத்துவதால் இதில் கதிர்வீச்சு இல்லை, ஊசியும் தேவையில்லை. வலப்பக்க வால்வின் வழியே பின்னோக்கிக் கசியும் ரத்தத்தின் வேகம் இதில் அளக்கப்படுகிறது. அவ்வேகத்தை இருமடி செய்து நான்கால் பெருக்கினால் வலது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு கிடைக்கும். விநாடிக்கு 2.8 மீட்டர் வேகம் என்றால், அது சுமார் 31 மி.மீ. பாதரசம். வேகம் 2.8 மீட்டரைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கிறது, 3.4 மீட்டரைத் தாண்டினால் நோய்க்கான வாய்ப்பு மிக அதிகம்.

இந்த ஓர் எண்ணை மட்டும் கொண்டு முடிவு செய்யக்கூடாது. சிலருக்குக் கசிவே தென்படாது. எனவே வலது கீழறை இடது அறையைவிடப் பெரிதாகியுள்ளதா, இரண்டிற்கும் இடையிலான சுவர் தட்டையாகியுள்ளதா என்பனவும் சேர்த்து ஆராயப்படுகின்றன.

சி.டி.யில் கிடைக்கும் தடயம்

மார்பு எக்ஸ்-ரேயில் நுரையீரல் தமனியும் இதயமும் பெரிதாகத் தெரியலாம். எனினும் எக்ஸ்-ரே இயல்பாக இருப்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. சி.டி. ஸ்கேன் மேலும் நுட்பமானது. பிரதான நுரையீரல் தமனியின் விட்டம் 30 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருப்பதும், அருகிலுள்ள மகாதமனியைவிட அது பருத்திருப்பதும் முக்கியத் தடயங்கள். இருமலுக்கோ நிமோனியாவிற்கோ எடுக்கப்பட்ட ஸ்கேனிலும் இத்தடயம் இருக்கக்கூடும். அந்த அளவை அறிக்கையில் குறிப்பிட்டாலே, கூடுதல் செலவின்றி ஒரு நோயாளியை உரிய நேரத்தில் எக்கோவிற்கு அனுப்ப முடியும்.

நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து, மூன்று மாதங்கள் ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுத்த பின்னரும் மூச்சிரைப்பு தொடர்ந்தால், காற்றோட்டத்தையும் ரத்த ஓட்டத்தையும் ஒப்பிடும் ‘வி/க்யூ’ ஸ்கேன் அவசியமாகிறது. இது இயல்பாக இருந்தால் நாள்பட்ட ரத்தக்கட்டிகளால் ஏற்படும் வகையைப் பெரும்பாலும் விலக்கிவிடலாம். அறுவை சிகிச்சையால் குணமாகும் வாய்ப்புள்ள வகை இது என்பதால், இச்சோதனையைத் தவிர்ப்பது ஓர் அரிய வாய்ப்பைத் தவறவிடுவதாகும். வலது கீழறையின் கொள்ளளவையும் செயல்திறனையும் துல்லியமாக அளக்க எம்.ஆர்.ஐ. உதவுகிறது.

இறுதி உறுதி

எந்த ஸ்கேனும் இந்நோய்க்கான இறுதித் தீர்ப்பன்று. கதீட்டர் எனும் மெல்லிய குழாயை வலப்பக்க இதயத்தினுள் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளப்பதே உறுதியான வழி. 1929-இல் ஜெர்மானிய மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் தம் உடலிலேயே முதலில் செய்து பார்த்த முறை இது. 1956-இல் அவருக்கும் மேலும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சராசரி அழுத்தம் 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தாலே நோய் என முன்னர் கருதப்பட்டது. 2018-இல் பிரான்சின் நீஸ் நகரில் நடைபெற்ற உலகக் கருத்தரங்கில் அந்த வரம்பு ‘20 மி.மீ.க்கு மேல்’ எனக் குறைக்கப்பட்டது. 2022-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல்களும் அதனை ஏற்றன. நோயைத் தொடக்கத்திலேயே அடையாளம் காணும் வாய்ப்பை இம்மாற்றம் விரிவுபடுத்தியது.

யார் விழிப்புடன் இருக்க வேண்டும்?

தோல் இறுகும் ‘ஸ்கிளீரோடெர்மா’ நோயாளிகளுக்கு, அறிகுறி இல்லாவிடினும் ஆண்டுதோறும் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. பிறவி இதயக் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் நோய், கல்லீரல் நோய், எச்.ஐ.வி. தொற்று உடையோரும், குடும்பத்தில் இந்நோய் கண்டோரும் கவனமாக இருக்க வேண்டும்.

முன்பு எளிதாக ஏறிய மாடிப்படியில் இப்போது நின்று நின்று ஏற வேண்டியிருந்தால், அதனை வயதின் மீதோ மாசின் மீதோ சுமத்திவிடாமல் மருத்துவரை அணுகுவது நலம். பல மருத்துவமனைகளில் அரை மணி நேரத்தில் முடியும் ஓர் எக்கோ, பல ஆண்டுத் தாமதத்தைத் தவிர்க்க உதவும்.