பழைய சுவருடன் புதிய பூச்சை இணைத்தல்

பழைய சுவருடன் புதிய பூச்சை இணைத்தல் என்பது, ஒரு கட்டிடத்தைப் புதுப்பிக்கும்போது சுவரின் பழுதடைந்த பகுதியை மட்டும் நீக்கிவிட்டு அங்கே புதிதாகப் பூசும் கட்டுமானப் பணியாகும். புதிய பகுதி எஞ்சிய பழைய பூச்சிலிருந்து வேறுபட்டுத் தெரியாமலும், பின்னர் அதிலிருந்து பிரிந்துவிடாமலும் இருத்தல் வேண்டும். பேச்சுவழக்கில் இது பேட்ச் வேலை எனப்படுகின்றது.

இணைப்பு கண்ணுக்குத் தெரியாதிருப்பது இப்பணியின் ஒரு பாதி மட்டுமே. புதிய பூச்சு, பழைய சுவரைப் போலவே நீரை உள்வாங்கி வெளிவிடக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். இவ்வியல்பு பொருந்தாவிடில், பூசிய அன்று எவ்வளவு வழவழப்பாக இருப்பினும் சில மழைக்காலங்களுள் இணைப்பு வெளிப்பட்டுவிடும். மாசி மகத் தீர்த்தவாரிக்குப் பெயர்பெற்ற வைத்திக்குப்பம் போன்ற, புதுச்சேரி நகரின் கடலோரக் குடியிருப்புகளில் உப்புக் காற்றினால் இச்சிக்கல் கூடுதலாக உள்ளது.

பழைய சுவர்களின் இயல்பு

புதுச்சேரியின் பழைய வீடுகள் பலவும் அச்சுக்கல் எனப்படும் சிறிய, தட்டையான செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டி, மேலே சுண்ணாம்புக் காரை பூசப்பட்டவை. கிளிஞ்சலை அல்லது சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 பாகை செல்சியசில் சுட்டு, நீரூற்றி நீற்றினால் கால்சியம் ஹைட்ராக்சைடு கிடைக்கும். இது மணலுடன் சேர்த்துப் பூசப்பட்டபின், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் கால்சியம் கார்பனேட்டாகின்றது. அதாவது, பூச்சு திரும்பவும் கல்லாகின்றது. கடுக்காய் ஊறிய நீர், கருப்பட்டி முதலியவற்றைச் சாந்தில் சேர்ப்பதும், கடைசிப் பூச்சில் முட்டை வெண்கருவைச் சேர்த்துப் பளிங்குபோல் மெருகேற்றுவதும் தென்னிந்திய மரபாகும். பின்னது மெட்ராசுப் பூச்சு என்ற பெயரில் அறியப்படுகின்றது.

இச்சுவர்களில் பெரும்பாலும் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. நிலத்தடி ஈரம் நுண்துளைகளின் வழியே மேலேறும். சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாகி வெளியேறும். ஓதம் என மக்கள் கூறுவது இதனையே. சுவர் எப்பொழுதும் சிறிது ஈரமாகவே இருக்கும். ஆயினும் ஈரம் வெளியேறும் வழி அடைபடாதவரை பெருங்கேடு விளைவதில்லை.

சிமெந்துப் பூச்சு பிரியும் விதம்

இன்று பழுதுபார்ப்புக்குப் பெரும்பாலும் சிமெந்துக் கலவையே பயன்படுகின்றது. மலிவானது, விரைவில் இறுகுவது, எல்லாக் கொத்தனார்களுக்கும் பழக்கமானது என்பன இதற்குக் காரணங்கள். ஆனால், சிமெந்துப் பூச்சு சுண்ணாம்புப் பூச்சைவிட வலிமை கூடியது. நீராவியை எளிதில் விடாதது. பழைய சுவரின் நடுவே சிமெந்துத் திட்டு ஒன்று அமைந்தால், அதன் பின்னாலுள்ள ஈரம் பக்கவாட்டில் நகர்ந்து திட்டின் விளிம்புகளில் வெளியேறும். ஈரத்துடன் வரும் உப்பும் அங்கேயே தங்கும்.

சோடியம் குளோரைடு, காற்றின் சார்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது நீரை ஈர்த்துக் கரைகின்றது. அதற்குக் கீழே மீண்டும் படிகமாகின்றது. கடலோரத்தில் ஈரப்பதம் இவ்வெல்லையை அடிக்கடி கடப்பதால், சுவரின் நுண்துளைகளுக்குள் உப்பு கரைந்தும் படிகமாகியும் பூச்சை உள்ளிருந்து உடைக்கின்றது. இவ்வாறு பொரிந்து உதிர்வது புதிய திட்டன்று, அதைச் சுற்றியுள்ள பழைய பூச்சே. அதனால் பழுது பழையதில்தான் எனக் கருதி, அடுத்த முறை இன்னும் பெரிய திட்டாகச் சிமெந்து பூசப்படுகின்றது. வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் செலவு செய்ய, ஈரம் மேலும் உயரே ஏறுகின்றது. வெளியே தெரியாமல் உள்ளே செங்கற்களும் சாந்தும் அரிக்கப்படுவதே இதில் உண்மையான ஆபத்து.

இணைக்கும் முறை

முதலில் சுவரை விரல் முட்டியாலோ மரக்கட்டையாலோ தட்டிப் பார்க்கின்றனர். உறுதியான பூச்சு கெட்டியான ஒலி தரும். செங்கல்லிலிருந்து விலகிய பூச்சு வெற்றொலி தரும். வெற்றொலி தரும் பகுதி முழுவதையும் நீக்கி, உறுதியான பூச்சை எட்டும்வரை செல்ல வேண்டும். விளிம்பைச் சரிவாக விடாமல் நேராக வெட்டி, உட்புறம் சிறிது குடைந்துகொள்வது நல்லது. செங்கல் இணைப்புகளைச் சுமார் 10 முதல் 15 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டினால் புதிய பூச்சுக்குப் பிடிமானம் கிடைக்கும். பூத்திருக்கும் உப்பை நீரால் கழுவக்கூடாது. கழுவினால் அது மீண்டும் சுவருக்குள்ளேயே செல்லும். உலர்ந்த தூரிகையால் துடைத்து அகற்ற வேண்டும்.

கூரைக் கசிவு, குழாய்க் கசிவு போன்றவை இருந்தால் அவற்றைச் சரிசெய்து சுவரை உலரவிட்ட பின்னரே பூச வேண்டும். சந்தர்ப்ப நெருக்கடியில் பெரும்பாலும் கைவிடப்படுவது இந்தக் காத்திருப்புத்தான். கடல்மணல் கையருகே கிடைத்தாலும் அதைக் கலவையில் சேர்க்கக்கூடாது, அது உப்பைத் தானே கொண்டுவந்து சேர்ப்பதாகும்.

பூசுவதற்கு முன் செங்கல்லையும் பழைய விளிம்பையும் நன்கு நனைக்க வேண்டும். உலர்ந்த விளிம்பு புதிய சாந்தின் நீரை உறிஞ்சிவிடுவதால், இணைப்பில் மயிரிழை வெடிப்பு தோன்றும். சுண்ணாம்புச் சாந்தை ஒவ்வொன்றும் சுமார் 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள படைகளாகப் பூசி, ஒன்று இறுகிய பின்னரே அடுத்ததைப் பூசுகின்றனர். மழைக்காலத்திலும் ஈரச்சுவரிலும் இறுகுவது தாமதமாகும் என்பதால், செங்கல்தூளாகிய சுர்க்கியைச் சேர்ப்பதுண்டு. இது காற்றில்லாமலும் ஓரளவு இறுக உதவுகின்றது. கடைசிப் படையை மட்டக்கோல் வைத்துப் பழைய பரப்புடன் சமன்செய்து, மணியாசுக் கட்டையால் தேய்க்கின்றனர். பழைய சுவர்கள் பெரும்பாலும் சிறிது அலையலையாக இருக்கும். புதிய பகுதியை மட்டும் முற்றிலும் தட்டையாக்கினால் அதுவே வேறுபட்டுத் தெரியும். விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் மேடுபள்ளங்கள் நிழலாகத் தெரியும்.

பூச்சைச் சில நாட்கள் நேரடி வெயில் படாமல் ஈரமாக வைத்திருத்தல் வேண்டும். இறுதியில் வெள்ளையடிக்கும்போது, திட்டை மட்டும் அடிக்காமல் மூலை முதல் மூலை வரை சுவர் முழுவதையும் அடிக்க வேண்டும்.

செங்கல் சுவரும் காங்கிரீட்டுத் தூணும் சேருமிடங்களில் நிலைமை வேறு. இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால், இணைப்பின் இருபுறமும் படருமாறு கோழிவலையை அடித்துப் பூசுகின்றனர்.

ஜிப்சம் பலகைகள்

காகித உறைகளுக்கிடையே ஜிப்சம் நிரப்பிய பலகைகளால் தடுப்புச் சுவர் அமைக்கும் முறை ஐக்கிய அமெரிக்காவில் தோன்றியது. அகஸ்டின் சாக்கெட் 1894 இல் பெற்ற காப்புரிமை இதன் முன்னோடியாகும். இந்தியாவில் அலுவலகங்களிலும், அடுக்குமாடி வீடுகளின் கூரைத்தட்டிகளிலும் இது பரவலாகியுள்ளது.

பலகைகள் சந்திக்கும் இடத்தில் காகித நாடாவை ஒட்டி, அதன்மேல் மூன்று முறை பட்டி இழுத்து, ஒவ்வொரு முறையும் முன்னதைவிட அகலமாகப் பரப்பி, ஓரங்களை ஒன்றுமில்லாத அளவுக்கு மெலிதாக்குகின்றனர். இது சுண்ணாம்புப் பூச்சு முறைக்கு நேர் எதிரானது. மெலிதாக்கிய சுண்ணாம்பு ஓரம் இறுகுமுன் உலர்ந்து உதிர்ந்துவிடும். ஆகவே அங்கே விளிம்பு நேராக வெட்டப்படுகின்றது. ஒரு முறையில் பழகியவர் மற்றதிலும் அதே பழக்கத்தைக் கையாள்வதே பல இணைப்புகள் கெடுவதற்குக் காரணம் எனலாம். பலகை, காரை பூசிய சுவரைச் சந்திக்கும் இடத்தில் மறைக்க முயலாமல் சிறு இடைவெளி விட்டு, நெகிழும் நிரப்பியால் அடைப்பது நீடித்து நிற்கும்.

ஓதமுள்ள சுவரை மறைப்பதற்காக அதன் முன்னே ஜிப்சம் பலகை அடிப்பது தவறான முறையாகும். ஜிப்சம் நீரில் சிறிதளவு கரையக்கூடியது. அதன் காகித உறையில் பூஞ்சணம் வளரும். பின்னாலுள்ள சுவர் அரிக்கப்படுவதும் கண்ணில் படாது.

புதுச்சேரியில் மரபுக் கட்டிடங்கள்

1984 இல் நிறுவப்பட்ட இன்டாக் அமைப்பு, புதுச்சேரியில் பழைய கட்டிடங்களைச் சுண்ணாம்பு முறையிலேயே பழுதுபார்த்து வருகின்றது. திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட வைசியாள் வீதி வீடுகளின் முகப்புகள் சீரமைக்கப்பட்டமைக்கு யுனெசுக்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருதுகளுள் ஒன்று 2008 இல் கிடைத்தது. மறுபுறம், கடற்கரைச் சாலையில் நீண்டகாலம் பராமரிப்பின்றி இருந்த, 19 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மேரி கட்டிடம் 2014 நவம்பர் 29 அன்று பெருமழையின்போது இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் கட்டப்பட்ட புதிய கட்டிடம் 2021 இல் திறக்கப்பட்டது.

சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார்கள் கிடைப்பது அரிதாகிவிட்டதால், சிறு வீடுகளில் இம்முறை செலவு மிக்கதாகவே உள்ளது. அத்தகைய வீடுகளில், தரையிலிருந்து ஓதம் ஏறும் கீழ்ப்பகுதிக்கு மட்டுமாவது சுண்ணாம்புச் சாந்தைப் பயன்படுத்துவது பயன்தரும்.